அறுபது கோழிக்கு எண்பது சதுர அடி: படுவான்கரைக் கூடு ஒன்றின் கணக்கு

கார்த்திகை கடைசியில் ஒரு நாள் அக்கா தொலைபேசியில் கோல் எடுத்தார். "தம்பி, கோழியள் ஒன்றையொன்று கொத்தித் தின்னுதுகள். முட்டையும் இறங்கிப் போச்சு. வரும்போது மருந்து ஏதும் வாங்கி வாறியா?"

மருந்து வாங்கவில்லை. அளவு நாடா ஒன்றும் டோர்ச் லைட்டும் கொண்டு போனேன். காரணம், ஆனி மாதம் அந்தக் கூட்டை ஒருமுறை பார்த்திருந்தேன். அன்றைக்கே மனதில் ஒரு உறுத்தல் இருந்தது, சொல்லாமல் வந்துவிட்டேன். சொல்லியிருக்க வேண்டும்.

அக்காவின் வீடு மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில், கொக்கட்டிச்சோலைக்குக் கிட்ட. 20 பேர்ச் வளவு (ஒரு பேர்ச் ஏறக்குறைய 272 சதுர அடி). பின்பக்கம் கூடு: நீளம் 10 அடி, அகலம் 8 அடி, தகரக் கூரை. அதற்கு முன்னால் கம்பி வலை அடித்த 30 அடிக்கு 20 அடி முற்றம். அக்காவிடம் ஒரு நல்ல பழக்கம் உண்டு. குஞ்சு வாங்கிய நாளிலிருந்து எல்லாவற்றையும் ஒரு சி.ஆர். கொப்பியில், அதாவது தடித்த மட்டைக் கொப்பியில், எழுதி வருகிறார். தீன் எத்தனை மூடை, முட்டை எத்தனை, எது செத்தது, எப்படிச் செத்தது, மழையா வெயிலா என்பது வரை. இந்த ஆய்வு முழுக்க அந்தக் கொப்பியின் புண்ணியம்.

கொப்பி சொன்னது

ஆனி நடுவில் ஒரு மாத வயதுள்ள 65 முட்டைக்கோழிக் குஞ்சுகள் வந்தன. முதற்கிழமை இரண்டு செத்தன. அதன் பிறகு ஐப்பசி வரை ஒரு குறையும் இல்லை. ஐப்பசித் தொடக்கத்தில் முதல் முட்டை. கார்த்திகை பிறந்தபோது ஒரு நாளில் 49 முட்டை வரை போனது. பிறகு மழை பிடித்தது. கோழிகளை முற்றத்தில் விட முடியாமல் நாளுக்கு நாள் கூட்டுக்குள்ளேயே அடைத்து வைத்தார்கள். பத்து நாளுக்குள் மூன்று கோழி கொத்துப்பட்டுச் செத்தன. நான் போன அன்று 60 கோழி, 34 முட்டை. அதில் 11 எச்சம் பூசிய முட்டை. 27 கிழமை வயதுக் கோழி உச்சத்தில் இடவேண்டிய காலம் அது. நூற்றுக்குத் தொண்ணூறு இடவேண்டிய நேரத்தில் ஐம்பத்தேழு.

"இவளவு நாளும் நல்லாத்தானே இருந்ததுகள்" என்றார் அக்கா. உண்மைதான். ஒரு மாதக் குஞ்சுக்கு அரைச் சதுர அடி இருந்தால் போதும். 65 குஞ்சுக்கு முப்பத்துச் சொச்சம் சதுர அடி. எண்பது சதுர அடிக் கூட்டில் அவை ஓடிப் பிடித்து விளையாடின. கூடு பெரிதாகத் தெரிகிற அந்த இரண்டு மாதந்தான் ஆளை ஏமாற்றுவது. குஞ்சு வளர்கிற வேகத்துக்குக் கூடு வளராது.

அந்த ஓர் அடி எங்கிருந்து வந்தது

கூடு கட்டும்போது தெரிந்த ஒருவர் "ஒரு கோழிக்கு ஒரு சதுர அடி" என்று சொன்னாராம். அத்தான் அதை நம்பி, அதற்கு மேலும் 15 அடி சேர்த்தே கட்டியிருக்கிறார். அவரில் பிழை சொல்ல முடியாது. அந்தக் கணக்குப் பொய்யும் அல்ல. அது இறைச்சிக்கோழிக் கணக்கு. இறைச்சிக்கோழி ஆறு கிழமைக்குள் இரண்டு கிலோ வந்து கூட்டை விட்டுப் போய்விடும். முட்டைக்கோழி ஒன்றரை வருடம் அதே கூட்டில் உண்டு, உறங்கி, முட்டையிட்டு, மண் குளித்து, சண்டை பிடித்து வாழ வேண்டும். நிலத்தில் உமி பரப்பி வளர்க்கும் முட்டைக்கோழிக்கு ஆகக் குறைந்தது 2 சதுர அடி. எங்கள் பக்கத்து வெக்கைக்கு இரண்டரை என்று வைத்துக்கொள்வதுதான் சரி என்பது என் எண்ணம்.

அம்மா திண்ணையில் இருந்தபடியே கேட்டார்: "கோழிக்கும் கணக்கா மனே? நாங்க எண்ணியா வளர்த்தம்?" அவர் வளர்த்தது பதினைந்து ஊர்க்கோழி. இரவில் முருங்கையில் ஏறிக்கொள்ளும். விடிந்தால் நாலு வளவு, வாய்க்கால் கரை, வயல் வரம்பு என்று எல்லாம் அவற்றின் இடம். அம்மா கணக்குப் பார்க்காததற்குக் காரணம் இடம் குறைவாக இருந்ததல்ல, ஊர் முழுக்க இடமாக இருந்தது. நாலு பக்கமும் வலை அடித்த அன்றிலிருந்து கணக்கு எங்கள் பொறுப்பாகிவிடுகிறது.

அளவு நாடாவோடு

கூட்டின் நீளத்தை அகலத்தால் பெருக்கினால் வருவது கூட்டின் பரப்பு. கோழிக்குக் கிடைப்பது அது அல்ல. அத்தானும் நானும் உள்ளே குனிந்து, கோழி உண்மையில் நிற்கக்கூடிய இடத்தை மட்டும் அளந்தோம்.

ஒரு மூலையில் பலகை போட்டுத் தீன் மூடைகள் அடுக்கியிருந்தன: 9 சதுர அடி. ஆறு முட்டைப் பெட்டிகள் நிலத்தில் வரிசையாக: 6 சதுர அடி. கூட்டின் ஒரு நீளப்பக்கம் மட்டும் வலை. மற்ற மூன்று பக்கமும் ஐந்தடிக்குக் கல் சுவர், அதற்கு மேலே கொஞ்ச வலை. மரநாய்க்குப் பயந்து கட்டிய சுவர். வலைப் பக்கம் பார்த்தது வடகிழக்கை. வாடையோடு வரும் மழை அந்தப் பக்கத்தால் அடித்து, பத்தடி நீளத்துக்கு இரண்டடி அகலம் உமியைச் சேறாக்கி வைத்திருந்தது. அந்தச் சேற்றில் ஒரு கோழியும் நிற்கவில்லை. அது 20 சதுர அடி.

எண்பதில் மிச்சம் 45. அறுபது கோழிக்குப் பங்கிட்டால் ஒன்றுக்கு முக்கால் சதுர அடி. கடதாசியில் கீறிக் காட்டினேன்: பத்தரை அங்குலத்துக்குப் பத்தரை அங்குலச் சதுரம், கிட்டத்தட்ட 700 சதுர சென்றிமீற்றர். ஐரோப்பிய ஒன்றியத்தில் ஒரு கோழிக்கு 550 சதுர சென்றிமீற்றர் கொடுத்த பழைய கம்பிக் கூண்டுகளை 2012 ஜனவரியிலிருந்து தடை செய்துவிட்டார்கள். இன்று அங்கே அனுமதிக்கப்படும் கூண்டிலும் ஒரு கோழிக்கு 750 வேண்டும். வெளியில் விட்டு வளர்க்கிறோம் என்று நினைத்திருந்த எங்கள் கோழிகளுக்கு, மழை நாளில் அந்தக் கூண்டில் உள்ளதைவிடக் குறைந்த இடம். அக்கா அந்தச் சதுரத்தைப் பார்த்துக்கொண்டு கனநேரம் ஒன்றும் பேசவில்லை.

இரவு எட்டரைக்கு மேல், கோழி அடைந்த பிறகு, மறுபடி போனோம். இதைச் செய்யாமல் இட அளவு பார்ப்பது அரைவேலை. பகலில் கோழி நடமாடும். எங்கே நெரிசல் என்று கண்ணுக்குப் பிடிபடாது. இரவில் ஒவ்வொன்றும் தனக்குக் கிடைத்த இடத்தில் இருக்கும். கோழி ஏறும் கம்பு இரண்டு, ஒவ்வொன்றும் எட்டடி. ஒரு கோழிக்கு எட்டு அங்குலம் என்று பார்த்தால் 24 கோழிக்குத்தான் அது காணும். எண்ணினோம்: கம்பில் 23. முட்டைப் பெட்டிகளுக்குள் 14. மிச்சம் 23 நனைந்த உமியில், சுவரோரம் ஒன்றின் மேல் ஒன்றாக. எச்சம் பூசிய முட்டைகளின் காரணம் அங்கேயே தெரிந்துவிட்டது. பெட்டிக்குள் தூங்கினால் பெட்டிக்குள் எச்சமிடும். விடிய முட்டையிட வருகிற கோழி அதன் மேல் இடும்.

பெட்டியும் காணாது. ஐந்து கோழிக்கு ஒன்று வேண்டும். இங்கே பத்துக்கு ஒன்று. இடம் கிடைக்காத கோழி வெளிச்சத்தில், மற்றவற்றின் கண் முன்னே முட்டையிடுகிறது. முட்டையிட்ட உடனே பின்பக்கம் சிவந்து சற்று வெளித்தள்ளி இருக்கும். கோழிக்குச் சிவப்பைக் கண்டால் கொத்தாமல் இருக்க முடியாது. செத்த மூன்றுக்கும் நேராகக் கொப்பியில் "பின்பக்கம்" என்றே எழுதியிருந்தது.

தீன் பாத்திரத்தில் குறையில்லை. 16 அங்குல வட்டப் பாத்திரம் இரண்டு. சுற்றளவைக் கூட்டினால் 100 அங்குலம், கோழிக்கு நாலு சென்றிமீற்றருக்குச் சற்று மேல். வட்டப் பாத்திரத்துக்கு அது போதும். தண்ணீர்ப் பாத்திரம் ஒன்றுதான் என்றாலும் விளிம்பு அளவு காணும். ஆனால் அது ஒரே மூலையில் இருந்ததால் அடிபடுகிற கோழி கிட்டப் போக முடியாமல் நின்றது.

பிறகு குந்தி இருந்து மூச்சை இழுத்துப் பார்த்தேன். நின்றுகொண்டிருந்தபோது தாங்கக்கூடியதாக இருந்த காரம், கோழியின் தலை உயரத்தில் கண்ணைக் கரித்தது. ஒரு முட்டைக்கோழி நாளுக்கு 100 கிராமுக்கு மேல் எச்சமிடும், முக்கால்வாசி தண்ணீர். அறுபது கோழி என்றால் ஆறு ஏழு கிலோ, கிழமைக்கு 45 கிலோ. அவ்வளவும் 45 சதுர அடி காய்ந்த உமியில். ஒரு பிடி உமியை அள்ளிப் பொத்திப் பிடித்தேன். கையைத் திறந்தபோது களிமண் உருண்டை மாதிரி அப்படியே இருந்தது. நல்ல உமி பிடித்துவிட்டால் மெல்ல உதிர வேண்டும். அத்தான் சுண்ணாம்பு தூவினால் மணம் போகும் என்று இரண்டு முறை தூவியிருக்கிறார். பலரும் செய்வதுதான். ஆனால் ஈர எச்சத்தில் சுண்ணாம்பு பட்டால் அமோனியா இன்னும் கிளம்பும். ஈரத்தை அள்ளி வெளியே போடுவதைத் தவிர வழியில்லை.

வேறு காரணம் இருக்குமா?

இடம்தான் காரணம் என்று முடிவுகட்டுவதற்கு முன் மற்றவற்றையும் பார்க்கத்தான் வேண்டும். ராணிக்கேட் என்ற கோழி நோய்க்குத் தடுப்பு மருந்து உரிய நாட்களில் கொடுத்த விபரம் கொப்பியில் இருந்தது. கால்நடை வைத்தியரும் வந்து பார்த்தார். எச்சத்தில் இரத்தம் இல்லை, தொற்றுநோயின் அறிகுறி இல்லை என்றார். தீன் அதே வகை, பூஞ்சணம் பிடிக்கவில்லை. மார்கழிப் பகல் பன்னிரண்டு மணித்தியாலத்துக்குச் சற்றுக் குறைவு. முட்டைக்கோழிக்கு 14 முதல் 16 மணித்தியாலம் வெளிச்சம் வேண்டும். ஆனால் ஐப்பசியிலிருந்தே இரவு 8 மணி வரை கூட்டில் பல்ப் எரிகிறது. ஆகவே இனி ஏதும் மாறினால் அது இடத்தை மாற்றியதால்தான் என்று ஓரளவு துணிந்து சொல்லலாம். பல்பையும் தீனையும் தொடவேண்டாம் என்று அக்காவிடம் கேட்டுக்கொண்டேன்.

மழைக்குள் செய்தது

மார்கழி மழையில் சுவர் கட்ட முடியாது. அன்று செய்யக்கூடியதைச் செய்தோம். காயப்பட்ட நாலு கோழியைப் பிரித்து நீல மருந்து பூசினோம். சிவப்பு மறைந்தால் கொத்தும் குறையும். தீன் மூடைகள் குசினிக்குப் போயின. முட்டைப் பெட்டிகளைச் சுவரில் ஒன்றரை அடி உயரத்தில் பொருத்தி, இன்னும் மூன்று சேர்த்து, முன்னால் சாக்குத் திரை தொங்கவிட்டோம். பெட்டிக்குக் கீழே உள்ள நிலமும் கோழிக்குக் கிடைத்தது. வடகிழக்குப் பக்கம் கூரையை மூன்றடி நீட்டித் தகரம் இறக்கி, உள்ளே சுருட்டி விடக்கூடிய படங்கு ஒன்று கட்டினோம். ஈர உமியை அள்ளித் தென்னைக்குப் போட்டுவிட்டு மூன்று அங்குலம் புது உமி. கம்பு இரண்டு நாலாயிற்று, எல்லாம் ஒரே உயரத்தில். உயரம் வேறுபட்டால் மேல் கம்புக்குச் சண்டை வரும்.

இப்போது காய்ந்த இடம் 75 சதுர அடி. இரண்டால் பிரித்தால் 37 கோழி. நான் 37 என்றேன். அக்கா 45 என்றார். பெயர் வைக்காவிட்டாலும் ஒவ்வொன்றையும் முகம் பார்த்து வளர்த்தவர். அவரிடம் எண்ணைப் பிடித்துக்கொண்டு நிற்க எனக்கும் மனம் வரவில்லை. 42 என்று முடிவாயிற்று. பக்கத்து ஊரில் சொந்தக்காரர் ஒருவரிடம் வெறும் கூடு கிடந்தது. இரவில் 18 கோழியைப் பிடித்துக் கொடுத்தோம். இடாத கோழி எது என்று பார்த்துக் கழிக்கவில்லை, இருட்டில் கைக்கு வந்தவை. ஆய்வுக்கு இது நல்லதாகப் போயிற்று: நல்ல கோழியை வைத்துக்கொண்டு கூடாததைத் தள்ளிவிட்டதால் முட்டை கூடியது என்று யாரும் சொல்ல முடியாது.

மூன்று கிழமைக்குப் பிறகு, மழை விடாத நாட்களிலேயே, அக்காவின் 42 கோழி நாளுக்கு 35, 36 முட்டை இட்டன. அறுபது கோழி இட்ட 34ஐ விடக் கூட. சொந்தக்காரர் வீட்டுப் பதினெட்டும் 14 வரை இட்டன. கோழி ஒன்று நாளுக்கு 115 கிராம் வரை தின்னும்; அப்படிப் பார்த்தால் அக்காவுக்கு இரண்டு கிலோத் தீன் மிச்சம். அதற்குப் பிறகு கொத்துப்பட்டு ஒன்றும் சாகவில்லை. எச்சம் பூசிய முட்டை நாளுக்கு ஒன்றோ இரண்டோ.

இதிலிருந்து நான் பிடித்துக்கொண்டது ஒன்று. எங்கள் பகுதியில் கூட்டை ஆவணியில் பார்த்துக் கணக்கிடக்கூடாது. முற்றம் காய்ந்து, கோழியெல்லாம் வெளியே மேய்கிற நாளில் எந்தக் கூடும் போதும். கார்த்திகை, மார்கழியில் ஒரு கிழமை தொடர்ந்து அடைத்து வைக்கிறோமே, அந்தக் கிழமைக்கு எத்தனை கோழி கொள்ளுமோ அதுதான் அந்தக் கூட்டின் எண். நிலம், கம்பு, பெட்டி, தண்ணீர் என்று தனித்தனியாக அளந்து, எது ஆகக் குறைவான எண்ணைக் கொடுக்கிறதோ அதை எடுக்க வேண்டும்.

மாசியில்

மழை ஓய்ந்ததும் கூட்டை நீளவாக்கில் ஆறடி நீட்டினோம்: 16க்கு 8, மொத்தம் 128 சதுர அடி. புதுப் பகுதியின் தளம் எவ்வளவு உயரம் என்று அத்தான் கேட்டபோது, 2011 தை வெள்ளம் வீட்டுச் சுவரில் விட்டுப்போன அடையாளத்தைக் காட்டினேன். அதற்கு நாலு விரல் மேலே தளம் போட்டோம்.

அதைவிடப் பெரிய வேலை தென்மேற்குச் சுவர். கூடு கட்டியிருந்த விதம் முற்றிலும் தலைகீழ்: மழை கொண்டுவரும் வாடைக்கு வாயைத் திறந்து, தென்மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்றுக்கு முதுகைக் காட்டி நின்றது. மட்டக்களப்பில் வைகாசிக்குப் பிறகு வீசுகிற கச்சான் சூடான, காய்ந்த காற்றுத்தான். ஆனாலும் கோழிக்கு அது வேண்டும். கோழியின் உடல் வெப்பம் 41, 42 பாகை. அதற்கு வியர்வை கிடையாது. வாயைத் திறந்து இளைத்து, சிறகை அகட்டித்தான் சூட்டை வெளியேற்ற வேண்டும். ஓடுகிற காற்று 34 பாகையாக இருந்தாலும், நாலு சுவருக்குள் நிற்கிற அதே 34 பாகைக் காற்றைவிட எவ்வளவோ மேல். ஐந்தடிச் சுவரை ஒன்றரை அடிக்கு இடித்து, அதற்கு மேல் அரை அங்குலக் கண் உள்ள ஒட்டுக்கம்பி வலை அடித்தோம். மரநாய்க்குச் சுவர் தேவையில்லை, நல்ல வலை போதும். மெல்லிய அறுகோண வலை கோழியை உள்ளே வைக்கும். மரநாயையோ நாயையோ வெளியே வைக்காது.

கிழக்கு மேற்காக நீளம் வரும்படி கட்டினால் நல்லது என்பார்கள். இருந்த கூட்டைத் திருப்ப முடியாது. ஆனால் எங்கள் ஊரில் ஏப்ரல் முதற்பகுதியிலும் செப்டம்பர் தொடக்கத்திலும் நண்பகல் சூரியன் உச்சந்தலைக்கு நேரே நிற்கும். இடைப்பட்ட மாதங்களிலும் அதிகம் சரியாது. ஆகவே நண்பகல் வெக்கை பக்கத்தால் வருவதைவிடத் தகரத்தால் இறங்குவதுதான் அதிகம். கூரைக்கு மேல் கிடுகு பரப்பியதில் உள்ளே உள்ள வித்தியாசம் கையை உயர்த்திப் பார்த்தாலே தெரிந்தது. பின்னேர வெயிலுக்குத் தென்மேற்கில் இரண்டு முருங்கைக் கம்பு நட்டிருக்கிறோம்.

ஆடியில் போய்ப் பார்த்தேன். மதியம் கோழிகள் இளைத்துக்கொண்டுதான் இருந்தன. அதை ஒரு கூடும் முழுதாக நிறுத்தாது. ஆனால் ஒன்றுக்கு மூன்று சதுர அடி இருந்ததால் விலகி விலகிக் கிடந்தன. ஒன்றின் சூடு மற்றதன் மேல் படவில்லை. இரண்டாவது தண்ணீர்ப் பாத்திரம் எதிர் மூலையில். 42 கோழி அன்று கிட்டத்தட்ட 20 லீற்றர் குடித்ததாக அக்கா எழுதியிருந்தார்; சாதாரண நாளில் பத்துப் பன்னிரண்டு லீற்றர்தான்.

முற்றத்தைப் பற்றிக் கொஞ்சம். 600 சதுர அடி 42 கோழிக்கு என்றால் ஒன்றுக்கு 14 அடி. நடமாட அது நல்ல இடம், புல் வளர்வதற்குக் காணாது. வெளியில் மேய்கிற கோழி என்று ஐரோப்பாவில் விற்க வேண்டுமானால் ஒன்றுக்கு 4 சதுர மீற்றர், அதாவது 43 சதுர அடி வெளி வேண்டும். 42 கோழிக்கு ஆறரைப் பேர்ச்சுக்கு மேல். இருபது பேர்ச் வளவில் வீடும் கிணறும் தென்னையும் போக அதற்கு இடமில்லை. ஆகவே முற்றத்தை நடுவால் மறித்து இரண்டாக்கி, மூன்று கிழமைக்கு ஒருமுறை மாற்றி விடுகிறார்கள். மூடிய பக்கத்தில் இலை, சருகு, வைக்கோல் போட்டு வைப்பார்கள். திறந்ததும் கோழி அதைக் கிளறுவதிலேயே நாளைக் கழிக்கும். கிளறுகிற கோழி கொத்தாது.

இப்போது அக்கா அடுத்த தொகுதிக் குஞ்சுக்குக் கேட்டு வைத்திருக்கிறார், 90. 128ஐ இரண்டரையால் பிரித்தால் 51 என்று கொப்பியின் பின்மட்டையில் அவரே எழுதிப் பார்த்திருக்கிறார். கிழட்டுக் கோழியையும் குஞ்சையும் ஒரே கூட்டில் விடக்கூடாது என்பதும் அவருக்குத் தெரியும். நேற்று அத்தான் படம் அனுப்பியிருந்தார்: தென்னைக்கு அந்தப் பக்கம் நாலு முளை அடித்துக் கயிறு கட்டியிருக்கிறது, 12க்கு 8. நீளப்பக்கம் தென்மேற்கைப் பார்த்தபடி. முட்டைப் பெட்டியும் தீன் மூடையும் அந்தக் கயிற்றுக்கு வெளியே என்று குரல் பதிவில் சொல்லியிருந்தார். அந்தக் கணக்கில் அங்கே 38. பழைய கோழிகள் போன பிறகு இரண்டு கூட்டுக்கும் மொத்தம் 89, ஒரு குஞ்சு கூடுகிறதே, என்ன செய்வது என்று அக்கா கேட்கிறார்.